ஓனர் பேசணும் சார்

புது வண்டி வந்த நாளிலிருந்து திம்மராயனுக்குச் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்ட மாதிரி ஓர் எரிச்சல். ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் எதிரே இருக்கும் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டு, 'வெல்கம் ஹரீஷ்குமார்' என்று எழுதிக் காட்டும். ஹரீஷ்குமார் அவருடைய ஒரே மகன். மனைவியோடு கனடாவில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது வண்டியை அவன் பேரில் வாங்கி, அவன் போனில் பதிந்து, மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அதற்கப்புறம் ஓட்டுவது, கழுவுவது, டயருக்குக் காற்று பிடிப்பது, மழை வந்தால் உறை போடுவது எல்லாம் திம்மராயன். வரவேற்பு மட்டும் மகனுக்கு.

"நம்ம பேரு போடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவங்கிட்ட?" என்பாள் மனைவி மங்கம்மா.

"எதுக்கு? டிரைவர் பேரை எவன் வண்டியில எழுதறான்?"

திம்மராயன் நாகரசம்பட்டிக்காரர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, முப்பத்து மூன்று வருஷம் ஒரே கம்பெனியில் டூல் ரூமில் நின்றவர். மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். கடைசலில் ஒரு நூல் பிசகினால் கருவி காட்டுவதற்கு முன்னால் கட்டைவிரல் காட்டிக் கொடுத்துவிடும். கம்பெனியில் கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் சமாதானம் சொல்லுவார், ரிப்போர்ட் மட்டும் இங்கிலீஷில் எழுதுவார். எந்த மிஷினும் அவரைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்டதில்லை.

பழைய வண்டியும் கேட்டதில்லை. எட்டுப் பேர் உட்காருகிற டீசல் வண்டி. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. எட்டுப் பேர் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற கணக்கு. மாங்காய் சீசனில் பின்சீட்டை மடக்கிவிட்டுப் பன்னிரண்டு கிரேட் ஏற்றுவார். தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். போன பிறகுதான் இவருக்குச் சொல்வார்கள். ஓசூர்க் குளிரில் காலையில் ஹீட்டர் விளக்கு அணையும் வரைக்கும் பத்து எண்ண வேண்டும். எட்டிலேயே சாவியைத் திருப்பினால் கோபித்துக்கொண்டு இருமும். கிளட்ச் கனம். ஏசி போட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். இடது பக்கத்துப் பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஆனால் எந்த ஊர் ரோட்டோரத்தில் நின்றாலும், கையில் ஸ்குரூடிரைவர் வைத்திருக்கிற யாராவது ஒருத்தன் அதை எழுப்பி விட்டுவிடுவான்.

ஹரீஷுக்கு அந்த வண்டி என்றால் பயம். "அதுல ஏர்பேக் கிடையாதுப்பா. பிரேக் புடிக்கிற தூரம் தெரியுமா உங்களுக்கு? ராத்திரி இங்க படுத்தா ஹைவேதான் கண்ணு முன்னாடி வருது" என்று போனில் புலம்புவான். கடைசியில் அவன்தான் ஜெயித்தான். பழைய வண்டியை எக்சேஞ்சில் தள்ளிவிட்டு, கரன்டில் ஓடுகிற இந்த வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

குறை சொல்லக் கூடாது என்றுதான் திம்மராயனும் பார்த்தார். சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் இல்லை. மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுகிற மாதிரி போகிறது. மங்கம்மாவுக்கு முழங்கால் வலிக்காமல் ஏறி இறங்க முடிகிறது. இதையெல்லாம் கேட்டவர்களிடம் நியாயமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், "ஆனா" என்று ஆரம்பிப்பார். அந்த ஆனாவுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆகும்.

முதல் ஆனா, சார்ஜர். சுவரில் மாட்டிய அந்தப் பெட்டி முதல் வாரத்திலேயே சிவப்பாக மினுக்கிக்கொண்டு, சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்றது. எலக்ட்ரீசியன் முனிவேல் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த்து செத்துப் போச்சுங்க. குழி காஞ்சு கெடக்குது" என்றான். வீட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினான். பெட்டி பச்சைக்கு மாறியது. மழை இல்லாத மாசம். மூன்று நாளில் குழி காய்ந்து மறுபடியும் சிவப்பு. அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் திம்மராயன் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவார்.

"டீசல் வேணாம் பெட்ரோல் வேணாம்னாங்க" என்று மங்கம்மா சிரித்தாள். "இது என்னாங்க, மாடு மாதிரி தண்ணி குடிக்குது."

ரெண்டாவது ஆனா, மெக்கானிக். ராயக்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற ஷௌகத் அலிதான் பழைய வண்டிக்கு வைத்தியர். புது வண்டியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார் திம்மராயன். ஷௌகத் அலி பானட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னா பாய், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"என்னாத்த சொல்றது அண்ணா? ரெண்டு டப்பா இருக்குது. நாலு ஒயர் இருக்குது. கண்ணாடி தொடைக்கிற தண்ணி ஊத்தற எடம் மட்டுந்தான் எனக்குத் தெரியுது. ஊத்தட்டுமா?"

"ஊத்து."

ஊற்றினார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அது திம்மராயனுக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

மூன்றாவது ஆனாதான் பெரிய ஆனா. அந்த வண்டி கோள் சொல்லும். எங்கே நிற்கிறது, எத்தனை வேகத்தில் போகிறது, எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கனடாவில் ஹரீஷ் கையிலிருக்கும் போனுக்குப் போய்விடும். சூளகிரியில் பழைய சிநேகிதர் ஒருவரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் போன் அடிக்கும். "ஏம்பா, முக்கா மணி நேரமா சூளகிரியில ரோட்டோரமா நிக்குது, ஒண்ணும் ஆகலையே?" எண்பதைத் தாண்டினால் போன் அடிக்கும். ஒரு தடவை காய்கறி மூட்டையைச் சீட்டில் வைத்ததற்கு, "பக்கத்துல இருக்கறவங்க சீட் பெல்ட் போடலைன்னு காட்டுதே, அம்மாவா?" என்று கேட்டான்.

"அம்மா இல்லடா. முட்டைக்கோசு."

பழைய வண்டி அப்படி எதையும் வெளியே சொன்னதில்லை. இது ஒரு பெரிய விஷயம் என்று திம்மராயனுக்கு முன்பு தோன்றியதே இல்லை. இப்போது தோன்றியதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது.

மங்கம்மாவின் இடது கண்ணில் நீர் கோத்திருந்தது. சர்க்கரையால் வந்தது. விழித்திரையில் கசிவு என்றும், கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றும் பெங்களூர் ரோட்டில் பொம்மசந்திரா தாண்டி இருக்கிற கண்ணாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாசத்துக்கு ஒன்று. அந்த ஊசி போடுகிற டாக்டரம்மா மாசத்தில் ரெண்டு புதன்கிழமைதான் வருவார். காலை பத்து மணிக்குப் பேர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறைதான்.

"ஹரீஷுக்குச் சொல்லக் கூடாது" என்று மங்கம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "அவன் வேலை இன்னும் கெட்டிப்படலை. இதைக் கேட்டா லீவு போட்டுக்கினு ஓடியாந்துடுவான். அங்க வேலைய விட்டுட்டு இங்க வந்து என் கண்ணையே பாத்துக்கினு உக்காந்திருப்பான். எனக்கு அது ஊசியைவிட வலிக்கும்."

முதல் ஊசிக்குப் பழைய வண்டியில் போனார்கள். கண்ணில் கட்டோடு திரும்பி வந்து, ரெண்டு நாள் போனில் முகம் காட்டாமல் பேசி ஓட்டிவிட்டாள். ரெண்டாவது ஊசி அன்றைக்குத்தான் எர்த் குழி காய்ந்தது. விடியற்காலையில் பார்த்தால் சார்ஜ் பதினொரு சதவீதம். டீசல் வண்டியாக இருந்தால் பங்க்கில் ஐந்து நிமிஷ வேலை. பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். டாக்டரம்மா கிளம்பிப் போய்விட்டிருந்தார். ரெண்டு வாரம் கழித்துத்தான் அந்த ஊசி விழுந்தது. "இந்தக் கண்ணு வாசல்ல நிக்குதுங்க. இன்னொரு தடவை தள்ளிப் போட்டா போன பார்வை திரும்பாது, அப்பறம் என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டரம்மா அரைத் தமிழும் அரைக் கன்னடமுமாகச் சொன்னது திம்மராயனுடைய நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அந்த ரெண்டு வாரத்தில் மங்கம்மா நாள்காட்டியில் தேதியைப் படிக்கக் கிட்டே போக ஆரம்பித்திருந்தாள். ரெண்டாவது ஊசிக்குப் போனபோது ஹரீஷிடம், 'பெங்களூரில் ஒரு துக்கம்' என்று சொல்லி வைத்தார்கள். அதற்கே அவன் யார், என்ன, எந்த உறவு என்று ஒரு வாரம் குடைந்தான்.

மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, ஹரீஷ் போனில் கேட்டான். "நாளைக்கு வெளிய எங்கயாச்சும் போறீங்களாப்பா?"

மறுபடியும் பெங்களூர் என்று சொல்ல வாய் வரவில்லை. "கிருஷ்ணகிரி போறோம். பரமசிவம் வீட்டுக் கல்யாணம்" என்றார் திம்மராயன். சொன்னபோது அவருக்கு அது சாமர்த்தியமாகப் பட்டது. முப்பத்து மூன்று வருஷம் வரைபடம் பார்த்து வேலை செய்த மனுஷருக்கு, கிருஷ்ணகிரி தென்கிழக்கு, பெங்களூர் வடமேற்கு, ஒரே ரோட்டின் ரெண்டு முனை என்பது அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லை. பொய்யைப் பழைய வண்டிக்குத் தகுந்த மாதிரி சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை ஏழே காலுக்குக் கிளம்பினார்கள். எர்த் குழிக்கு முந்தின நாள் மூன்று பக்கெட் ஊற்றியிருந்தார். சார்ஜ் தொண்ணூற்றெட்டு. ஜூஜுவாடியைத் தாண்டி, சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அத்திப்பள்ளியில் ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினார். மங்கம்மா மாத்திரை போட வேண்டும். மாத்திரைக்கு முன்னால் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். ரெண்டு பேர் போனையும் வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். இட்லி வந்தது. சட்னியில் வெல்லம் போட்டிருக்கிறான் என்று மங்கம்மா குறைபட்டுக்கொண்டே ரெண்டு இட்லி சாப்பிட்டாள். மணி எட்டே கால். இன்னும் எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். திம்மராயனுக்கு அன்றைக்கு முதல்முறையாக மனசு லேசாக இருந்தது.

திரும்பி வந்து பொத்தானை அமுக்கினார். திரை விழித்தது. வெல்கம் சொல்லவில்லை. சிவப்பில் ஏதோ எழுதியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாகனம் உரிமையாளரால் முடக்கப்பட்டது என்று இருந்தது.

"என்னாங்க?"

"இரு."

மறுபடி அமுக்கினார். அதே சிவப்பு. பிரேக்கை மிதித்துக்கொண்டு அமுக்கினார். இறங்கி, கதவைச் சாத்தி, திறந்து, ஏறி அமுக்கினார். போனை எடுத்துப் பார்த்தால் ஹரீஷிடமிருந்து ஒன்பது அழைப்பு தவறியிருந்தது. பத்தாவது அப்போதுதான் வந்தது.

எடுத்ததும் மகனுடைய குரல், அவர் இதுவரைக்கும் கேட்டிராத கட்டைக் குரலில், "யாருடா நீ? மரியாதையா வண்டிய விட்டு எறங்கு. போலீசுக்குச் சொல்லிட்டேன்" என்றது.

"உங்கொப்பன்டா."

அந்தப் பக்கம் குரல் தணிந்து, நடுங்கி வந்தது. "அப்பா, உங்களை ஏதாச்சும் பண்ணிட்டாங்களா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா. உங்கம்மா இருக்கா. இட்லி தின்னுட்டு கை கழுவிக்கினு வந்திருக்கா. வண்டிய என்னாடா பண்ண?"

"கிருஷ்ணகிரி போறேன்னு சொன்னீங்க. பாத்தா வண்டி பார்டர் தாண்டிப் போவுது. நீங்க போனை எடுக்கலை. அம்மா போனும் எடுக்கலை. எனக்கு என்னா தெரியும்? யாரோ தூக்கிட்டாங்கன்னு திருட்டுப் பட்டனை அமுக்கிட்டேன். போலீசுன்னது சும்மா மெரட்டல்."

"சரி. தொறந்து விடு."

"விடறேன், விடறேன். இருங்க." கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "அப்பா, அது உடனே விட மாட்டேங்குது. திருட்டுன்னு போட்டா கம்பெனியில சரிபார்த்துதான் விடுவாங்களாம். நீங்களும் ஒருக்கா கூப்புடுங்க. நானும் கூப்புடறேன். ஆமா, அத்திப்பள்ளியில என்னா பண்றீங்க?"

திம்மராயன் போனை வைத்துவிட்டார். திரையில் இருந்த உதவி எண்ணுக்குப் போட்டார். ஒரு பாட்டு ஓடியது. ஹிந்தியில் ஒருத்தி பேசினாள், இங்கிலீஷில் ஒருத்தி பேசினாள். தமிழுக்கு நாலை அமுக்கினார். கடைசியில் ஒரு பெண், வாய் நிறையச் சிரிப்போடு, "வணக்கம் சார், நான் பிரியா பேசறேன். வண்டி நம்பர் சொல்லுங்க சார்" என்றது.

சொன்னார்.

"ஹரீஷ்குமார் சாருங்களா?"

"அவங்கப்பா."

"ஓனர் பேசணும் சார்."

"ஓனர் கனடாவுல இருக்கான்மா. வண்டி அத்திப்பள்ளியில இருக்குது. நான் வண்டிக்குள்ள இருக்கேன். என் சம்சாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும், பத்து மணிக்கு."

"புரியுது சார். ஆனா எங்க சிஸ்டத்துல இந்த வண்டி திருட்டுன்னு காட்டுது. வண்டிக்குள்ள இருக்கறவங்ககிட்ட நாங்க எந்த விவரமும் சொல்லக் கூடாது சார்."

அது பிடிபட அவருக்கு ஒரு கணம் ஆயிற்று. அந்தப் பெண் இவ்வளவு நேரமும் ஒரு திருடனிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

"அப்ப என்னைத் திருடன்றீங்க."

"அப்படிச் சொல்லலை சார். ஓனர் இல்லைன்னுதான் சார் சொல்றேன். ஓனர் பேசி, சரிபார்ப்பு முடிஞ்சு, நாலு மணி நேரத்துக்குள்ள ரிலீஸ் ஆயிடும். வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?"

"வேணாம்மா. போதும்."

மணி எட்டு நாற்பது. திம்மராயன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய வண்டி எத்தனையோ தடவை மக்கர் பண்ணியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது செய்தார். தள்ளினார், டீசல் லைனில் காற்று எடுத்தார், பேட்டரி முனையைச் சுரண்டினார். இதில் ஒரு பழுதும் இல்லை. எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கிறது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சார்ஜ். சரியாக இருக்கிற மிஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"எறங்குங்க" என்றாள் மங்கம்மா. கைப்பையையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்துக்கொண்டு அவள் ஏற்கெனவே ரோட்டில் நின்றாள்.

"வண்டி?"

"நாமளே எடுக்க முடியலை. எவன் எடுப்பான்?"

சிட்டி பஸ் வந்தது. நிற்க இடம் கிடைத்தது. கம்பெனி ஷிப்டுக்குப் போகிற கூட்டம். நடத்துநர் நெருக்கிக்கொண்டு வந்து, "எல்லி?" என்று இடம் விசாரித்தார்.

"பொம்மசந்திரா. எரடு கொடி" என்று ரெண்டு டிக்கெட் கேட்டார் திம்மராயன்.

நடத்துநர் மங்கம்மாவைப் பார்த்தார். "ஆதார் இதியாம்மா?" கர்நாடகப் பெண்களுக்கு அங்கே பஸ் இலவசம். மங்கம்மா ஃபைலிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டினாள். அவர் விலாசத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஓசூரா. டிக்கெட் தகோபேக்கு." டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

"நம்மூரு டவுன் பஸ்ல எனக்கும் சும்மாதான்" என்றாள் மங்கம்மா, தமிழிலேயே. "கம்பிய புடிச்சிக்கினு நிக்கறது ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்."

ஒரு பெண் எழுந்து அவளுக்கு இடம் விட்டாள். வழியில் எங்கோ லாரி ஒன்று குறுக்கே நின்று, பஸ் இருபது நிமிஷம் நகரவில்லை. மணி ஒன்பது இருபத்தைந்து. திம்மராயனுடைய சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவோம் என்று அவருக்கே பயமாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, ஆட்டோ பிடித்து, அந்த ஆட்டோக்காரன் கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுத்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது பத்துக்கு எட்டு நிமிஷம். மங்கம்மாவின் பேரை மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள்.

அவள் உள்ளே போனதும்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தார். பதினேழு அழைப்புகள் தவறியிருந்தன. ஒரு செய்தியும் இருந்தது. 'வண்டி ரிலீஸ் ஆயிடும்பா. நீங்க எங்க இருக்கீங்க? வண்டி அங்கயே நிக்குது. நீங்க எங்க?' நீங்க எங்க என்று மட்டும் இன்னும் நாலு தடவை இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் மங்கம்மா வெளியே வந்தாள். இடது கண்ணின்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி. "சரியான நேரத்துக்கு வந்தீங்கன்னாங்க" என்றாள். அப்போதும் போன் அதிர்ந்தது. "குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

"ஹரீஷு, அம்மாடா. நாங்க பெங்களூர்ல கண்ணாஸ்பத்திரியில இருக்கோம். எனக்கு எடது கண்ணுல ஊசி போட்டிருக்காங்க. இது மூணாவது. நாந்தான் சொல்ல வேணாம்னேன். உங்கப்பனுக்குப் பொய் சொல்ல வரலை, அதான் மாட்டிக்கினாரு."

அவள் 'ம்' கொட்டினாள். 'அழுவாத' என்றாள். 'டிக்கெட்டு கிக்கெட்டு போடாத' என்றாள். போனை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, கோவத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன். இன்னிக்கு இவளுக்கு இந்த ஊசி தவறியிருந்தா, அந்தப் பட்டனை அமுக்குனது நீ. கிருஷ்ணகிரின்னு பொய் சொன்னது நான். ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினு என்னாடா பண்ணியிருப்போம், ஒரு கண்ணை?"

திம்மராயன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த ஆப்பை என் போனுக்கு மாத்து."

"மாத்தலாம்பா. ஆனா..." இழுத்தான். "தெனமும் நான் அதைத் தொறந்து பாக்கறேன். வண்டி வீட்டு வாசல்ல நிக்குதுன்னு புள்ளி காட்டும். அதைப் பாத்துட்டுத்தான் படுப்பேன். போன்ல நீங்க நல்லா இருக்கோம்னுதான் சொல்வீங்க, எப்பவுமே. அந்தப் புள்ளி ஒண்ணுதான் நெசம் சொல்லுது."

திம்மராயனுக்குக் கோபம் போகவில்லை. போகாமலேயே அது இடம் மாறி உட்கார்ந்தது.

"பாத்துக்கோ" என்றார். "பாக்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. பூட்டற பட்டன் உன்கிட்ட இருக்கக் கூடாது."

"ரெண்டையும் பிரிக்க முடியாதுப்பா. ஓனருக்கு எல்லாமே சேந்துதான் வரும். ஓனரை மாத்தணும்னா ஆர்.சி.யையும் மாத்தணுமாம். அதுக்கு நான் வந்து கையெழுத்துப் போடணும்."

பக்கத்தில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மங்கம்மா, "அதுக்கு வரட்டும்" என்றாள். "தீபாவளிக்கு வரட்டும். கண்ணுக்குன்னு வர வேணாம். கையெழுத்துக்குன்னு வரட்டும்."

அத்திப்பள்ளிக்குத் திரும்பியபோது பன்னிரண்டரை. வண்டி ஓட்டல் வாசலில் வெயிலில் நின்றது. இவ்வளவு நேரம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஓட்டல்காரர் கன்னடத்தில் சத்தம் போட்டார். திம்மராயன் கன்னடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். பொத்தானை அமுக்கினார். ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பத் தயாராயிற்று. பழைய வண்டியாக இருந்தால் ரெண்டு தடவை இருமியாவது தன் தப்பை ஒப்புக்கொண்டிருக்கும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் அவரே மகனுக்குப் போன் போட்டார். டூல் ரூமில் அடுத்த ஷிப்டுக்காரனிடம் பொறுப்பை ஒப்படைக்கிற குரலில் சொன்னார். "எழுதிக்கோ. இப்ப அத்திப்பள்ளியிலிருந்து கெளம்பறோம், வீட்டுக்கு. நாளைக்கு எங்கயும் இல்லை. நாலாவது ஊசி அடுத்த மாசம் ரெண்டாம் புதன். ஏழு மணிக்குக் கெளம்புவோம், நடுவுல இட்லி சாப்புட நிப்போம், அரை மணி நேரம். அன்னிக்கு அந்தப் போனை உன் பொண்டாட்டிகிட்ட குடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டச் சொல்லு."

"சரிப்பா."

"சரின்னா எழுதிக்கினியா?"

"எழுதிக்கினேன்பா."

சுங்கச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. மங்கம்மா தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"கோவம் போச்சா?"

"போவலை."

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்குமா?"

"தீபாவளி வரைக்கும் இருக்கும்" என்றார் திம்மராயன். முன்னால் லாரி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.